தலைநகரின் பேருந்தும் தமிழரின் உரிமையும்

(கடையநல்லூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

'சென்னை மாநகரின் பேருந்துகளைப் பற்றிக் கடையநல்லூரில் வந்து பேசப் போகிறாயா?' என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வாழும் நமக்கும், அறுநூறு கிலோ மீட்டருக்கு அப்பால் ஓடும் நகரப் பேருந்துக்கும் என்ன உறவு என்றுதான் எவர்க்கும் தோன்றும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். தலைநகரில் நம் ஊர்ப் பிள்ளை படிக்கிறான். நம் தெருப் பெண் வேலை பார்க்கிறாள். நோயுற்ற முதியவரை அங்குள்ள அரசுப் பெரிய மருத்துவமனைக்கு நாம்தாம் அழைத்துச் செல்கிறோம். அவர்களுள் எத்தனை பேருக்குச் சொந்த உந்து இருக்கிறது? அவர்களுக்குக் கால் அந்நகரின் பேருந்துதான். எனவே தலைநகரப் பேருந்து அந்நகரத்தார்க்கு மட்டும் உரிய பொருளன்று. தமிழ்நாட்டு மக்கள் அனைவரின் பொதுச்சொத்து. அச்சொத்து எப்படி வளர்ந்தது, இன்று எந்நிலையில் இருக்கிறது, நாளை எவர் கைக்குப் போகவிருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'பஸ்' என்ற அயற்சொல்லைத் தவிர வேறொன்றையும் நம் நாக்கு அறியாதிருந்த காலம் ஒன்றுண்டு. 'பேருந்து' என்று தமிழறிஞர் சொன்னபோது நகைத்தவர் பலர். 'கண்டக்டரை நடத்துநர் என்றால் எவனுக்குப் புரியும்?' என்று கேட்டவர் பலர். இன்று என்ன நிலை? ஓட்டுநர், நடத்துநர், பணிமனை, வழித்தடம், நிறுத்தம், பயணச்சீட்டு என்னும் சொற்கள் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான தமிழர் கண்ணில் படுகின்றன. இச்சொற்களைப் புலவர்கள் ஏட்டில் எழுதினார்கள். ஊர்தோறும் கொண்டு சேர்த்தது அரசுப் பேருந்து. அதன் நெற்றியிலும் உள்ளேயும் எழுதப்பட்டதனால் அவை நிலைத்தன. 2013-ஆம் ஆண்டு சென்னையின் குறுகிய தெருக்களுக்குச் சிறிய பேருந்துகள் விடப்பட்டபோது 'சிற்றுந்து' என்னும் சொல்லும் மக்களிடம் பரவியது. தனியார் ஊர்தியாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? பொதுவுடைமையான ஒரு பொருள் தாய்மொழிக்கு எத்துணை வலிமை தரும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி வரலாற்றைப் பார்ப்போம்.

சென்னைத் தெருக்களில் மக்கள் பெருந்திரளாக ஏறிச் சென்ற முதல் இயந்திர ஊர்தி பேருந்தன்று. 'டிராம்' என்று வழங்கிய மின்வண்டி. தெரு நடுவே பதித்த இருப்புப்பாதையில் 1895-ஆம் ஆண்டு முதல் அது ஓடியது. வெள்ளையர் ஆட்சியில் தனியார் நிறுவனம் நடத்திய அவ்வண்டி, இழப்பைத் தாங்கவியலாமல் 1953-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. ஈட்டம் உள்ளவரை நடத்துவதும், ஈட்டம் நின்றதும் கைவிடுவதும் தனியாரின் இயல்பு. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

வெள்ளையன் வெளியேறிய 1947-ஆம் ஆண்டிலேயே சென்னை நகரப் பேருந்தை அரசு தன் கையில் எடுத்துக் கொண்டது. அரசுப் போக்குவரத்துத் துறை என்ற பெயரில் 30 பேருந்துகளோடு அப்பணி தொடங்கியது. முப்பதே முப்பது! இன்று தலைநகரில் ஒரு சிறு பணிமனையில் நிற்கும் வண்டிகளைவிடக் குறைவான எண்ணிக்கை அது. 1967-இல் பேரறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த ஆட்சி, சென்னையிலிருந்து புறப்படும் நெடுந்தொலைவு வழித்தடங்களை அரசுடைமையாக்க முனைந்தது. அவருக்குப்பின் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1971-இல், பெருந்தொகையான பேருந்துகளை வைத்திருந்த முதலாளியரிடமிருந்து அவற்றை அரசு எடுத்துக் கொள்ளச் சட்டம் வந்தது. அதனையடுத்துத்தான் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன.

1972 சனவரி முதல் நாள், சென்னை நகரப் பேருந்துகள் 'பல்லவன் போக்குவரத்துக் கழகம்' என்னும் பெயரில் தனி நிறுவனமாயின. அன்று அதனிடம் இருந்தவை 1,029 பேருந்துகள். மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், குடந்தையில் சோழன் எனக் கழகங்கள் எழுந்தன. நம் நெல்லைச் சீமைக்கு 1974-இல் கட்டபொம்மன் பெயரில் ஒரு கழகம் வாய்த்தது. நெடுந்தொலைவு வண்டிகளுக்குத் திருவள்ளுவர் பெயர் அமைந்தது. அகவை முதிர்ந்தோர்க்கு நினைவிருக்கும். அந்நாளில் 'கட்டபொம்மன் வந்துவிட்டதா? பாண்டியன் போய்விட்டதா?' என்று நிறுத்தத்தில் நின்று கேட்போம். நம் மூவேந்தரும், நம் மறவரும், நம் வள்ளுவரும் நாள்தோறும் நம் தெரு வழியே சென்று கொண்டிருந்தனர்.

அப்பெயர்கள் இன்று எங்கே?

சொல்லவே நா கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் மறைப்பது அறமாகாது. 1997-ஆம் ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்து மாண்ட வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. அப்பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று சாதிவெறி கொண்டோர் கிளர்ந்தனர். தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன. முடிவில் அவ்வாண்டு சூலைத் திங்களில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. பல்லவன் போயிற்று, பாண்டியன் போயிற்று, கட்டபொம்மனும் போயிற்று, வள்ளுவர் பெயரும் தப்பவில்லை. பெயரிட்ட முதலமைச்சரே அப்பெயர்களை நீக்கும் நிலை வந்தது. தமிழ்ப்பெயர்களை அழித்தது ஆங்கிலமா? இந்தியா? இல்லை, தோழர்களே! நம்முள் நாமே வளர்த்து வைத்திருக்கும் சாதி அழித்தது. இதனை இத்தென்மண்ணில் நின்று சொல்லும் உரிமையும் கடமையும் எனக்கு உண்டு.

பேருந்துக்கும் சாதிக்கும் உள்ள பகை பழைமையானது. நயன்மைக் கட்சிக் காலத்தில், தனியார் பேருந்துகளில் ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்றமாட்டோம் என்று மறுத்த முதலாளியர் இருந்தனர். அன்று நமக்கு அடுத்திருந்த இராமநாதபுர மாவட்டத்தின் ஆட்சிக்கழகத் தலைவராக இருந்தவர் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார். 'எந்த வண்டி அம்மக்களை ஏற்ற மறுக்கிறதோ, அந்த வண்டியின் உரிமம் பறிக்கப்படும்' என்ற கட்டளையை அவர் பிறப்பித்தார். அதன்பின் கதவு திறந்தது. சென்னைத் தியாகராயர் நகரில் 'பாண்டி பசார்' என்று அழைக்கப்படும் கடைத்தெரு அவர் பெயரைத் தாங்கியதே என்பதைத் தலைநகரத்தார் பலரும் அறியார். ஒரே இருக்கையில் இருவர் தோளுரசி அமர்ந்து செல்வதற்குப் பின்னே இத்தகைய போராட்டம் இருக்கிறது. ஆகவே பேருந்தைப் பயணக்கருவி என்று மட்டும் கொள்ளாதீர்கள். அது குமுகாயத்தைச் சமன் செய்யும் கருவியும் ஆகும்.

சென்னைக்குத் திரும்புவோம். பல்லவன் கழகம் 1994-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதிக்கு அம்பேத்கர் பெயர் இடப்பட்டது. 1997-இல் இரண்டும் 'மாநகர் போக்குவரத்துக் கழகம்' என்னும் பொதுப்பெயரின் இரு பிரிவுகளாயின. 2001-இல் மீண்டும் ஒன்றாயின. அண்ணா சாலையில் உள்ள தலைமையகம் மட்டும் 'பல்லவன் இல்லம்' என்னும் பெயரோடு பழைய நினைவைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய கணக்கைக் கேளுங்கள். அண்மை ஆண்டுகளில் அக்கழகத்திடம் உள்ளவை ஏறத்தாழ 3,400 பேருந்துகள். நாளொன்றுக்கு 30 இலக்கத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் செல்கின்றனர். 1971-இல் சென்னைப் பெருநகரில் வாழ்ந்தோர் 32 இலக்கம் அளவினர். 2011-இல் அவர்கள் 86 இலக்கத்தைத் தாண்டினர். 2011-இன் கணக்கையே வைத்தாலும் ஓர் இலக்கம் பேருக்கு நாற்பது பேருந்துதான் கிடைக்கிறது. அதற்குப்பின் பெருகியோரையும் சேர்த்தால் இவ்வளவு இன்னும் சுருங்கும். காலையில் படிக்கட்டில் தொங்கிக் கொண்டு போகும் மாணவனை மட்டும் குறைசொல்கிறோம்; அவனுக்கு நிற்க இடமில்லாத வண்டியைக் குறைசொல்வதில்லை.

இங்கு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2015-இல் சென்னையில் 'மெட்ரோ' எனப்படும் நகரத் தொடர்வண்டி தொடங்கியது. நல்ல வண்டி, விரைவாகச் செல்கிறது, அதனை வேண்டா என்று நான் சொல்லவில்லை. 2024-ஆம் ஆண்டு முழுமைக்கும் அதில் சென்றோர் பத்தரைக் கோடி; நாளொன்றுக்கு மூன்று இலக்கத்தை எட்டவில்லை. பேருந்தில் செல்வோர் அதனைப்போல் பத்து மடங்கினர். ஆனால் பணம் எங்கே போகிறது? அத்தொடர்வண்டியின் இரண்டாம் கட்டத்துக்கு, 118.9 கிலோ மீட்டர் பாதைக்கு, 63,246 கோடி உருபா மதிப்பிடப்பட்டது. வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோ மீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல். பேருந்தொன்றின் விலை ஒன்றரைக் கோடி என்று உயர்த்தியே வைத்துக் கொண்டாலும், அந்த ஒரு கிலோ மீட்டர்ப் பணத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பேருந்துகள் வாங்கலாம். பாதை போடுவதற்குப் பணம் இருக்கிறது. மக்களில் மிகப் பலர் ஏறும் வண்டிக்குப் பணமில்லை என்பது எந்த முறை?

'பேருந்துக் கழகம் இழப்பில் ஓடுகிறதே' என்பார்கள். இழப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்றைச் சொல்கிறேன். 2013 சனவரியில் தில்லி ஆட்சி, தீசல் எண்ணெயை மொத்தமாக வாங்குவோர்க்கு ஒரு விலை, சில்லறையாக வாங்குவோர்க்கு வேறு விலை என்று அறிவித்தது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உலகத்து வழக்கம். இங்கோ மொத்தமாக வாங்கிய பொதுப்போக்குவரத்துக் கழகங்களுக்கு விலை கூடியது! சொந்த உந்தில் செல்லும் செல்வர்க்குக் குறைந்த விலை. ஏழையை ஏற்றிச் செல்லும் பேருந்துக்குக் கூடிய விலை. வேறு வழியின்றித் தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகள், தம் பணிமனையில் கொள்கலன் இருந்தும், தெருவோர எண்ணெய் நிலையங்களில் போய் வரிசையில் நின்றன. எண்ணெய் விலையை வகுப்பவன் ஒருவன். வண்டியை ஓட்டுபவன் ஒருவன். இழப்புக்குப் பழி ஏற்பவன் மட்டும் ஓட்டுபவன். மாநில உரிமை என்பது மேடைப் பேச்சன்று, நண்பர்களே! நம் பயணச்சீட்டின் விலையில் அது அடங்கியிருக்கிறது. 2011-இலும் 2018-இலும் கட்டணம் உயர்ந்தபோது அச்சுமையைத் தாங்கியது கூலிக்குப் போகும் நம் உடன்பிறப்பின் மடிதான்.

நன்றும் சொல்ல வேண்டும். 2021 மே 8 முதல் நகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் உரிமை வந்தது. 'இலவயம்' என்று இதனை இழித்துப் பேசுவோர் உளர். வீட்டு வேலைக்கும் கடைவேலைக்கும் நாளுக்கு இருமுறை வண்டியேறும் ஒரு பெண்ணுக்குத் திங்கள் முடிவில் மிஞ்சும் சில நூறு உருபா அவள் பிள்ளையின் சுவடிக்கும் பாலுக்கும் ஆகும். அரசுக் கழகம் ஒன்று நம் கையில் இருந்ததனால்தான் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் அது இயன்றது. அவ்வாறே, நடக்கவியலாதோர் நயன்மன்றப் படியேறிப் போராடியதன் பயனாக 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் தலைநகரில் மீண்டும் பெருகத் தொடங்கின.

இனித்தான் நான் சொல்லவந்த தலையாய செய்தி. 2025 சூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. புகையில்லை, இரைச்சலில்லை, தளம் தாழ்ந்தது. வரவேற்கத்தக்க வண்டிகள்தாம். ஆனால் அவ்வண்டிகள் எவருடையவை? நடத்துநர் அரசுக் கழகத்தவர். ஓட்டுநரும் வண்டியும் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஓடிய கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் அந்நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். கட்டணத்தைக் கழகமே வாங்கிக் கொள்ளும்.

இம்முறையை நாம் கண்ணை மூடிக்கொண்டு பழிக்க வேண்டியதில்லை. கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் தொலைவான ஊரன்று. தலைமுறை தலைமுறையாக இவ்வூர் மக்கள் அங்குச் சென்று உழைத்தவர்கள். 1941-இலேயே கடையநல்லூர் முசுலீம்கள் தம் ஊர்ப்பெயரால் அங்கு ஓர் அமைப்பைக் கண்டவர்கள். அந்நாட்டில் 1971-இல் சிறுசிறு பேருந்து நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, 1973-இல் ஒரே பெருநிறுவனம் ஆக்கப்பட்டது. பின்னர் 2016-இல் முறையை மாற்றினர். எப்படி மாற்றினர்? ஓட்டும் பணி ஒப்பந்தக்காரரிடம். ஆனால் பேருந்தும் பணிமனையும் அரசின் உடைமை! ஒப்பந்தக்காரர் சரியாக நடத்தவில்லையெனில் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அமர்த்தலாம். வண்டி அங்கேயே நிற்கும். நம் தலைநகரில் ஒப்பந்தக்காரர் போனால் வண்டியும் அவரோடு போய்விடும். இந்த வேறுபாட்டை நீங்கள் ஊன்றி நோக்க வேண்டும். 1953-இல் மின்வண்டி நின்றபோது அதற்கு மாற்றாகப் பொதுமக்களின் பேருந்து இருந்தது. பொதுமக்களின் பேருந்தே பிறர் உடைமையாகிவிட்டால், நாளை மாற்றாக எது இருக்கும்? இன்று தலைநகரில் நடப்பது நாளை நெல்லைக்கும் தென்காசிக்கும் வரும். அதனால்தான் கடையநல்லூரில் நின்று பேசுகிறேன்.

முடிப்பதற்கு முன் ஒரு காட்சி. 2002-இல் கோயம்பேட்டில் பெரிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் போதாமல், 2023 திசம்பர் 30-இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கர் பரப்பில் புதிய நிலையம் எழுந்தது. தெற்கிலிருந்து செல்லும் நம் வண்டிகள் இப்போது அங்கேதான் நிற்கின்றன. நகர நடுவோ இன்னும் முப்பது கிலோ மீட்டர் அளவுக்கு அப்பால். ஒருநாள் விடியற்காலை அங்கு இறங்கினேன். நம் பக்கத்து அம்மா ஒருவர், தலையில் ஒரு மூட்டையும் கையில் மருத்துவச் சீட்டுமாக நின்றிருந்தார். 'தம்பி, பெரிய ஆசுபத்திரிக்கு எந்த வண்டிப்பா?' என்றார். பக்கத்தில் நின்ற இளைஞன், 'கைப்பேசியில் பாருங்கள் பாட்டி' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அம்மாவிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அப்போது வந்து நின்ற நகரப் பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்து, சீட்டை வாங்கிப் படித்து, 'இதில் ஏறும்மா. எங்கே மாற வேண்டுமென்று நான் சொல்கிறேன்' என்று மூட்டையைத் தாமே தூக்கி வைத்தார். அந்நடத்துநரின் ஊரும் பேரும் எனக்குத் தெரியா. ஆனால் பொதுப்போக்குவரத்து என்றால் என்ன என்பதை அவர் எனக்குக் காட்டினார்.

2025 செப்டம்பரில் பேருந்து, தொடர்வண்டி ஆகிய அனைத்துக்கும் கைப்பேசியிலேயே ஒரே சீட்டு வாங்கும் வசதி தலைநகரில் வந்தது. அறிவியல் வளர்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கிட்ட பெயர் 'சென்னை ஒன்'. 'ஒன்று' என்னும் தமிழ்ச்சொல்லை முழுமையாக எழுதி முடிக்க ஓர் எழுத்துக்கா பஞ்சம்? வழித்தடங்களைப் பாருங்கள், 29சி, 21ஜி, 27டி! எண்ணுக்குப் பின்னே ஆங்கில எழுத்தைத் தமிழ்வரியில் எழுதி வைத்திருக்கிறோம். உயிரெழுத்துப் பன்னிரண்டு நம்மிடம் இருக்க, இந்த இரவல் எதற்கு? 'பேருந்து' என்னும் சொல்லை நாடெங்கும் பரப்பிய அதே நிறுவனத்துக்கு இது இயலாத செயலன்று.

ஆகவே நாம் கேட்பவை ஐந்தே. தலைநகரப் பேருந்துகளின் எண்ணிக்கை மக்கள்தொகைக்கேற்ப உயர வேண்டும். ஒப்பந்த முறை வந்தாலும் வண்டியும் பணிமனையும் மக்கள் உடைமையாகவே நிற்க வேண்டும். எண்ணெய் விலையிலும் வரியிலும் பொதுப்போக்குவரத்துக்குத் தனிச்சலுகையை வகுக்கும் உரிமை மாநிலத்துக்கு வேண்டும். பலகையிலும் சீட்டிலும் கைப்பேசியிலும் தமிழ் முதலிடம் பெற வேண்டும். கைப்பேசி இல்லாதவர்க்கு ஆளின் துணை நிலைத்திருக்க வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. சினம் வந்தால் முதற்கல்லைப் பேருந்தின் மேல் எறியும் கை நம்முடையது. சாதிப்பூசலில் முதலில் கண்ணாடி உடைவது அந்த வண்டிக்குத்தான். அது நம் வண்டி என்னும் உணர்வு நமக்கே இல்லையானால், அதனைப் பிறர் கொண்டு போவதைத் தடுக்க நமக்கு என்ன தகுதி இருக்கும்? முப்பது வண்டியில் தொடங்கி மூவாயிரத்துக்கு மேல் வளர்த்த பொதுச்சொத்து அது. அந்த அம்மாவின் மூட்டையைத் தூக்கி வைக்க அவ்வண்டியில் ஒரு கை என்றும் இருக்க வேண்டும்; அதனைக் காப்பது நம் பொறுப்பு.



வாழ்க தமிழ்! வளர்க தமிழர் பொதுவுடைமை!